கடலுக்கடியில் ஒரு நாற்றங்கால்

என் தங்கை அம்சாவைக் கட்டிய பாண்டுரங்கனுக்கு மீன் வாடையே ஆகாது. திண்டிவனத்தில் மீன் கடைத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் ஆபீஸ் போவார். அந்த மனுஷனுக்குப் போய் மீன்வளத் துறையில் வேலை கிடைத்தது. அதுவும் கடலின் தரையைப் படம் போடுகிற வேலை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற கொல்லையில் வளர்ந்தவரை மரக்காணத்துக் கடலில் இறக்கிவிட்ட புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

சின்னதுரை என்ற மீனவரின் கட்டுமரத்தில் போவார். ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்கினால் தரையில் இருப்பது ஒட்டிக்கொண்டு வரும். சேறு, மணல், சிப்பித் தூள் என்று ஏதாவது. ஒன்றும் ஒட்டாமல் கொழுப்பு நசுங்கி வந்தால் அங்கே பாறை. அவர் இந்தப் பக்கம் குண்டைப் பார்ப்பார், அந்தப் பக்கம் தலையை நீட்டி வாந்தி எடுப்பார்.

"கடல்ல இருக்கிற மீனுக்கெல்லாம் நீங்கதான் சார் சோறு போடறீங்க" என்று சின்னதுரை கிண்டல் செய்வாராம்.

வருஷக்கணக்கில் இப்படி வாந்தி எடுத்துத்தான் படம் வரைந்து முடித்தார். மீன் மேய வரும் சேற்றுப் பரப்புக்கு மேய்ச்சல் என்று பெயர் வைத்தார். வெறும் மணலுக்குத் தரிசு. மீன் முட்டையிட்டுக் குஞ்சுகள் வளரும் பாறை மேட்டை மீனவர்கள் பார் என்பார்கள். அதற்குப் பச்சை வண்ணம் அடித்து நாற்றங்கால் என்று எழுதினார். குடியானவன் புத்தி வேறெங்கே போகும்? சின்னதுரை ஆட்கள் சினை மாதங்களில் அந்தப் பாரில் வலை போடமாட்டார்கள். வெளியாளுக்கு அதன் இடத்தையும் சொல்லமாட்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மிஷின் வைத்த லாஞ்சுகள் வந்தன. தரையைச் சுரண்டி இழுக்கிற வலை அவற்றில் இருந்தது. பாரை அவற்றிடமிருந்து காப்பாற்றப் பாண்டுரங்கன் ஒரு வழி கண்டுபிடித்தார். கரையில் பெரிய பலகை நட்டு, படத்தை எழுதி, கடலிலிருந்து பார்த்தால் கரையின் ஒற்றைப் பனையும் கோயில் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரிகிற இடத்தில் யாரும் இழுக்கக் கூடாது என்று போடுவது.

சின்னதுரை பதறினார். "போர்டெல்லாம் வாணாம் சார். எங்காளுங்க சம்பந்திகிட்டகூட அந்த எடத்தச் சொன்னதில்ல."

"நாத்தங்கால்னு தெரிஞ்சா எவம்பா அதுல மாட்ட வுடுவான்?" என்றார் என் மாப்பிள்ளை.

நம் ஊரில் விடமாட்டான்தான். விட்டால் மாட்டைப் பவுண்டுப் பட்டியில் அடைத்து அபராதம் போட்டுவிடுவார்கள். கடலில் பவுண்டு எங்கே இருக்கிறது? அது அவருக்குத் தோன்றவில்லை.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த விருத்தாசலம் லாஞ்சு வாங்கியிருந்தான். அவன் ஆட்கள் பலகையைப் பார்த்து, பனையையும் கோபுரத்தையும் நேர்படுத்தி, பாரின் மேலேயே போய் இழுத்தார்கள். பெரிய மீன் பட்டணத்துக்குப் போயிற்று. விற்காத பொடி மீன் லாரியில் ஏறி மண்டிக்குப் பின்னால் வந்து விழுந்தது, எருவுக்கு. விரல் நீளக் குஞ்சுகள், முட்டை பிதுங்கிய தாய் மீன்கள், எல்லாம் புழு நெளிந்து நீர் வடிந்து கிடந்தன. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வாடை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் குவியலைப் பார்த்துப் பூரித்து நின்றானே ஒருத்தன், அவன் மூஞ்சிதான் என் குமட்டலுக்குக் காரணம். தூ!

பாண்டுரங்கன் மூக்கைக்கூடப் பொத்தாமல் அங்கே போனார். நானும் கூடப் போனேன்.

"நாத்தங்கால்னு நீங்கதான சார் எழுதி வெச்சீங்க?" விருத்தாசலம் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சிரித்தான். "நாத்தப் பறிக்காம பூச போட்டுக்கினா இருப்பாங்க?"

"பறிச்ச நாத்த எங்கய்யா நட்ட?"

"எங் கொல்லையிலதான். மல்லாட்டை எப்படி வந்துகீதுன்னு வந்து பாருங்க."

அப்போது லாரியிலிருந்து ஒரு ஆள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். அழுகல் நீர் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னதுரை. பார் போனபின் கட்டுமரத்துக்கு மீன் இல்லை, கூலிக்கு வந்துவிட்டார்.

"வழி வுடுங்க சார், ஒழுவுது" என்றார்.

மாப்பிள்ளை சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

இதற்கு மேலும் ஒரு அசிங்கம் இருக்கிறது. அந்த வருஷம் மீன்பாடு ஏறியதற்கு அவருடைய பலகையே காரணம் என்று பெரிய அதிகாரி ஆபீசுக்கு வந்து மாலை போட்டார். கைதட்டினார்கள். சாமந்தி மாலை கழுத்தில் கிடக்க, என் மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை.

"வடக்குக் கரையிலும் இதே மாதிரி பலகை வெச்சிடுங்க. அங்க பார் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டார் அதிகாரி.

வடக்குப் பாரையும் சின்னதுரைதான் காட்டியிருந்தார். அதன் ஒவ்வொரு முழமும் பாண்டுரங்கனுக்கு அத்துப்படி.

அவர் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தெரியாதுங்க" என்றார்.