சந்தைக் கட்டடம் எந்தப் பக்கம்

அந்தாரூமி என்ற மலைச் சுரங்க ஊரில் எர்மெலிந்தாவுக்கு வாய் நீளம் என்று பேர். சூப்பில் உப்புக் குறைகிறது என்று எவனாவது சொன்னால், “உன் பொண்டாட்டி வச்ச சூப்பைக் குடிச்சிட்டு வந்து இதைச் சொல்லு பார்ப்போம்” என்பாள். சொன்னவன் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டுவான். சுரங்கத்து ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைக்கும் பெண்கள் அந்த ஊரில் நிறையப் பேர். விடியற்காலைக் குளிரில், வேகவைத்த சோளமும் ஆட்டுக் குடலும் போட்ட சூப்பின் ஆவி தெருவெல்லாம் பரவும். ஷிப்டுக்குப் போகிறவர்கள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்து உட்காருவார்கள். அந்த உயரத்தில், காலையில் வயிற்றுக்குச் சூடாக ஏதும் போகாமல் எவனும் குழிக்குள் இறங்க மாட்டான்.

எர்மெலிந்தாவின் கணவன் மூச்சுக் கோளாறில் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சுரங்கத்துத் தூசி. அவனுடைய அக்கா பாஸ்குவாலாவுக்குச் சொந்தமாக ஒரு வரிசை வீடு இருந்தது. தகரக் கூரை போட்ட அறைகள். எல்லாவற்றிலும் தொழிலாளிகள் குடியிருந்தார்கள். கோடியிலிருந்த இரண்டை எர்மெலிந்தா வாடகைக்கு எடுத்திருந்தாள். ஒன்றில் அடுப்பும் பெஞ்சுகளும், மற்றதில் கட்டில். தம்பி பெண்டாட்டி என்பதற்காகப் பாஸ்குவாலா வாடகையைக் குறைத்ததில்லை. ஆனால் பிந்தினால் கேட்டதுமில்லை. இரண்டு பேரும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கோக்கா இலையை மென்றுகொண்டு ஊரிலுள்ள எல்லாரையும் பற்றிப் பேசுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான், ஊருக்கு அடியிலேயே செம்பு இருக்கிறது, மலையைத் திறந்து தோண்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. கம்பெனி கீழே நெடுஞ்சாலை ஓரமாகப் புது ஊர் ஒன்றைக் கட்டித் தரும். புது அந்தாரூமி. அதை எப்படிக் கட்டுவது என்று மக்களே சொல்ல வேண்டுமாம். பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். தெருவுக்கு ஒருவர், தொழிலுக்கு ஒருவர் என்று பிரதிநிதிகள் கேட்டார்கள். சாப்பாட்டுக்கடைப் பெண்கள் யோசிக்கவே இல்லை.

“நம்மள்ல யாருக்குப் பேச வரும்? எர்மெலிந்தாவை அனுப்பு. அவ பேசினா காது வலிக்குதுன்னாவது குடுத்துடுவாங்க.”

எர்மெலிந்தாவுக்கும் ஆசைதான். அதுவரை அவளிடம் யாரும் எதையும் எப்படி வேண்டும் என்று கேட்டதில்லை. துவைத்த பாவாடை, நல்ல தொப்பி என்று கிளம்பிப் போனாள்.

தலைநகர் லீமாவிலிருந்து வந்த ஆள் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி ஒரு பந்தைத் தூக்கிப் போட்டு விளையாடச் சொன்னான். பந்து யார் கையில் வருகிறதோ அவர் தன் கனவு ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு மஞ்சள், ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னக் காகிதங்களைக் கொடுத்து எழுதச் சொன்னான். கூரைக்கு என்ன நிறம், பூங்காவில் ஊஞ்சலா சறுக்கா, தெருக்களுக்குப் பூப் பெயரா மலைப் பெயரா. ‘அந்தக் குளிரில் எவன் ஊஞ்சலில் ஆடுவான்’ என்று நினைத்துக்கொண்டு எர்மெலிந்தா தன் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: சந்தைக் கட்டடம், அடுப்புகளோடு, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில்.

வெளியில் இன்னொரு புகைச்சல் கிளம்பியிருந்தது. குடும்பத்துக்கு ஒரு வீடு என்று கம்பெனி அறிவித்தது. சொந்த வீட்டுக்காரருக்கும் ஒன்று, வாடகைக்கு இருப்பவருக்கும் ஒன்று. பாஸ்குவாலாவின் வரிசை முழுவதற்கும் ஒரே ஒரு வீடு. அவளிடம் வாடகைக்கு இருக்கும் எர்மெலிந்தாவுக்கும் அதே மாதிரி ஒரு வீடு.

“ஏன்டி, உனக்கு இது நியாயமா படுதா?” என்றாள் பாஸ்குவாலா. “என் புருஷன் கல்லு சுமந்து கட்டினது இது.”

“நான் என்ன மதினி பண்றது? நானா பங்கு பிரிச்சேன்?”

“நீதானே பேச்சுவார்த்தை மேசையில உக்காந்திருக்கே. நல்ல தொப்பி வேற.”

“நான் சந்தைக்காகத்தான் போறேன். வீட்டு விஷயம் அங்க பேசவே விட மாட்டாங்க.”

“பேச விடாத இடத்துக்கு எதுக்கு வாயை எடுத்துட்டுப் போறே?”

அன்றோடு சாயங்காலப் பேச்சு நின்றுபோனது. பாஸ்குவாலா தன் நாற்காலியை மறுகோடிக்கு மாற்றிக்கொண்டாள். வாடகை வாங்க மட்டும் கையை நீட்டுவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள்.

கூட்டங்கள் தொடர்ந்தன. முதலில் வந்த ஆள் போய்விட்டான். அடுத்து வந்தவளுக்கு முந்தைய கூட்டங்களில் பேசியது எதுவும் தெரியவில்லை. மறுபடி கனவிலிருந்து ஆரம்பித்தார்கள். அவளும் போன பிறகு ஃபியோரெல்லா என்ற இளம்பெண் வந்தாள். நகரத் திட்டம் படித்தவள். மலை ஏறினாலே தலை சுற்றும் என்று எப்போதும் கையில் கோக்கா டீயோடு இருப்பாள். இவளாவது காது கொடுத்துக் கேட்டாள். இவள் கொண்டுவந்த, அட்டையால் செய்த ஊர் மாதிரியில் சந்தைக் கட்டடம் ஊரின் பின்கோடியில், கால்பந்து மைதானத்துக்கும் அப்பால் இருந்தது.

“இன்ஜினியர் அம்மா, இங்க வச்சா நாய்தான் சாப்பிட வரும்” என்றாள் எர்மெலிந்தா. அந்தப் பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் எல்லோருமே இன்ஜினியர்தான்.

ஹால் சிரித்தது. ஃபியோரெல்லாவும் சிரித்தாள். ஆனால் கட்டடத்தை நகர்த்துவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. சாக்கடை வழி ஒத்துவரவில்லை என்றார்கள். பிறகு பஸ் நிற்கும் இடமே மாறும் என்றார்கள். பிறகு மைதானத்துக்காரர்களிடம் கேட்க வேண்டும் என்றார்கள். எர்மெலிந்தா ஒரு கூட்டம் விடாமல் போனாள். அடுப்பைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டுப் போய், வந்து பார்த்தால் சூப் அடிப்பிடித்திருக்கும். கடைசியில் ஒரு நாள் ஃபியோரெல்லா அந்த அட்டைக் கட்டடத்தைப் பெயர்த்தெடுத்து, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் பசை போட்டு ஒட்டினாள். பெண்கள் கைதட்டினார்கள். எர்மெலிந்தா அவளை இழுத்துக்கொண்டு போய்த் தன் பெஞ்சில் உட்காரவைத்து ஆட்டுத்தலை சூப் கொடுத்தாள். அந்தப் பெண் சூப்பில் மிதந்த கண்ணைப் பார்த்து வெளுத்துப்போனாலும் முழுவதும் குடித்தாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை.

துளையிடும் பிரிவில் வேலை செய்யும் இசிதோரோ அவளிடம் பல வருடமாகச் சாப்பிடுகிறவன். சந்தைக் கட்டடத்தைப் பற்றி அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உருளைக்கிழங்கைத் தோலுரித்தபடியே அவன் கேட்டான்:

“அங்க யாருக்கு அக்கா சமைக்கப் போறே?”

“உனக்குத்தான்டா. வேற யாருக்கு?”

“நாங்க அங்க வர மாட்டோமே. குழிக்குப் பக்கத்துலயே கேம்ப் கட்றாங்க. படுக்கை, சாப்பாடு எல்லாம் அங்கயேதான். லீமாக் காண்டிராக்ட். வெளிய சாப்பிடக் கூடாதுன்னு ரூல் வருதாம். எங்க யூனியன்ல எப்பவோ சொல்லிட்டாங்களே. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

எர்மெலிந்தா அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலையிலேயே ஃபியோரெல்லா தங்கியிருந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“கேம்ப்ல மெஸ் வருதாமே. உங்களுக்குத் தெரியுமா?”

ஃபியோரெல்லாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “தெரியும்ங்க.”

“எப்பலேர்ந்து?”

“நான் வேலைக்கு வந்தப்பவே. அது சுரங்கத் திட்டத்துல இருக்கு. ஊர்த் திட்டத்துல இல்ல. எங்க மேசைக்குள்ள வர்ற விஷயம் இல்லைங்க அது.”

“ஒரு வருஷமா சந்தை எந்தப் பக்கம்னு என்னோட உக்காந்து பேசினீங்களே. அதுல சாப்பிட ஆளே வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க இடத்தைப் பத்தித்தானே கேட்டீங்க…” என்று ஆரம்பித்த ஃபியோரெல்லா பாதியில் நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. “எனக்குச் சொல்ல அனுமதி இல்லைங்க.”

எர்மெலிந்தாவுக்கு அந்தப் பெண்ணை அறைய வேண்டும் போலவும் இருந்தது, தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. எத்தனை கூட்டம், எத்தனை காகிதம்! எல்லாவற்றையும் கேட்டார்கள், சோறு போடும் தொழில் இருக்குமா போகுமா என்பதை மட்டும் கேட்கவில்லை. அவளும் அந்தக் கேள்வியைக் கேட்காமலே சட்டைப் பொத்தான் எங்கே தைப்பது என்று சண்டை போட்டிருக்கிறாள், சட்டையே இல்லாமல்.

பெரிய பொதுக்கூட்டம் வந்தது. மந்திரி அலுவலகத்து ஆட்கள், கம்பெனி ஆட்கள் எல்லோரும் மேடையில் இருந்தார்கள். பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். எர்மெலிந்தா மைக்கைப் பிடித்தாள்.

“சந்தைக்கு எனக்கு எதிர்ப்பு இல்ல. ஓடு பதிச்சுக் குடுங்க, கண்ணாடி வச்சுக் குடுங்க. சாப்பிட ஆள் வருமா, அதை மட்டும் சொல்லுங்க. எங்க ஆளுங்களைக் கேம்புக்குள்ள பூட்டி வச்சிட்டு, எங்களுக்குக் காலி பெஞ்சைக் கட்டிக் குடுத்தா…”

“உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டோம் சகோதரி. அது இந்த மேசைக்குச் சம்பந்தப்பட்டதில்ல” என்றார் மேடையிலிருந்தவர்.

“எந்த மேசைக்குச் சம்பந்தம்னு சொல்லுங்க, அங்க போறேன்.”

மைக் அணைந்தது. அதைவிட வலித்தது பின்னாலிருந்து வந்த குரல். அவள் தெருக்காரன்தான், அவளைப் போலவே வாடகைக்கு இருப்பவன். “உக்காரு எர்மெலிந்தா! உனக்கும்தான் வீடு வருது. உன் சட்டிக்காக எங்க வீட்டைக் கெடுக்காதே!” பலர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆயுள் முழுக்க அடுத்தவன் கூரைக்குக் கீழே இருந்தவர்கள் அவர்கள். சீக்கிரம் கையெழுத்தாகிச் சாவி கைக்கு வந்தால் போதும் அவர்களுக்கு. அவர்களையும் குறை சொல்ல முடியாது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கடைப் பெண்களைக் கூப்பிட்டாள்.

“நாளைலேர்ந்து அடுப்புப் பத்த வைக்கக் கூடாது.”

“எத்தனை நாளைக்கு?”

“பசிக்கிற வரைக்கும். அவங்களுக்கு.”

மறுநாள் காலை ஊரில் ஆவி இல்லை, வாசனை இல்லை. ஷிப்டுக்கு வந்த ஆட்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். “அக்கா, ஒரு கிண்ணமாவது” என்று கெஞ்சினார்கள். எர்மெலிந்தா கதவுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பசித்தவனுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். அப்போது வெளியே பாஸ்குவாலாவின் குரல் கேட்டது.

“அவளை ஏன்யா தட்டுறீங்க? மேல ஆபீசுக்குப் போங்க. நாளைக்குக் கேம்ப்ல போடப் போற சோத்தை இன்னைக்கே போடுன்னு கேளுங்க!”

தெருவின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் பாஸ்குவாலா. தம்பி பெண்டாட்டிக்காக வந்து உட்கார்ந்தாளா, வீடு போன எரிச்சலில் உட்கார்ந்தாளா என்று எர்மெலிந்தா கேட்கவில்லை. கதவைத் திறந்து, கோக்கா இலைப் பையை அவள் பக்கம் நீட்டினாள். பாஸ்குவாலா முகத்தைத் திருப்பிக்கொண்டே இரண்டு கை நிறைய எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் பாதி ஆட்கள் வேலைக்கு இறங்கவில்லை. பெண்களில் ஒருத்தி புறவாசல் வழியாக ரொட்டி விற்றாள். அவளோடு மற்றவர்கள் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். அதற்கடுத்த நாள் கம்பெனி பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. நல்ல பிஸ்கட் வைத்தார்கள். பேசிப் பேசி முடிவில் கிடைத்தது இதுதான்: “உள்ளூர் உணவுக் குழு” என்று ஒரு புது மேசை. எர்மெலிந்தா அதற்கும் போனாள். ஆறேழு மாதம் பேசிய பிறகு, காண்டிராக்டர் ஊரிலிருந்து ரொட்டி வாங்குவார், பெண்கள் சிலரைக் கேம்பு சமையலறையில் வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்று ஆனது. வெளியே சாப்பிடக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது.

அவளும் கேம்பில் வேலைக்குச் சேர்ந்தாள். தலைக்கு வலை, வாய்க்குத் துணி. அளவுக் கரண்டிக்கு மேல் ஒரு துண்டு இறைச்சி போடக் கூடாது. சாப்பிட வருகிறவர்களோடு பேசவே கூடாது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தட்டை நீட்டிக்கொண்டு நின்ற இசிதோரோ, “உப்புக் குறையுது அக்கா” என்று கண்ணைச் சிமிட்டினான். அவள் துணியைக் கீழே இழுத்துவிட்டுப் பதில் சொன்னாள், வழக்கம்போல. மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டார். இப்படி மூன்றாவது தடவை ஆனபோது அவளே வலையைக் கழற்றி அடுப்பு மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

புது அந்தாரூமிக்குக் குடிபோனார்கள். வீடு நன்றாகத்தான் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது, கூரை ஒழுகவில்லை. சந்தைக் கட்டடமும் அவள் கேட்ட இடத்திலேயே, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே நின்றது. பளபளவென்று எஃகு மேடைகள். பஸ்தான் அவ்வளவாக வருவதில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் சூப் வைத்து, மிஞ்சியதை அக்கம்பக்கத்துக்கு ஊற்றிக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு அடுப்பையும் இரண்டு பெஞ்சையும் தூக்கிக்கொண்டு போய், தாதுப்பொருள் ஏற்றிய லாரிகள் மூச்சு வாங்க நிற்கும் வளைவில், நெடுஞ்சாலை ஓரத்தில் போட்டாள். பாஸ்குவாலாவும் கூட வந்தாள். ஒற்றை வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை என்றாள். உருளைக்கிழங்கு உரிப்பது அவள் வேலை, முணுமுணுப்பதும்.

நகராட்சிக் காவலர் வாரத்துக்கு ஒரு முறை வந்து போவார்.

“அம்மா, ரோட்டோரக் கடைக்குத் திட்டத்துல இடம் இல்ல. சந்தைக்குள்ள போங்க.”

“சந்தைக்குள்ள ஆள் இல்லையே தம்பி.”

“திட்டத்தைத் திருத்தணும்னா வர்ற செவ்வாய்க்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. வந்து சொல்லுங்க.”

“நான் சொன்னதெல்லாம் உங்க காகிதத்துல இருக்கும், தேடிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு எர்மெலிந்தா சட்டியைக் கிளறினாள்.

செவ்வாய்க்கிழமை அவள் போகவில்லை. போனது பாஸ்குவாலா. ஒருநாளும் கூட்டத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள், தன் கல்யாணத் தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

“அங்க எதுக்கு மதினி? பேச விட மாட்டாங்க.”

“என்னை எவன் விடணும்?”

“கிழங்கு யார் உரிக்கிறது?”

பாஸ்குவாலா திரும்பிப் பார்க்கவே இல்லை. நான்கு லாரிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஒரு மூட்டைக் கிழங்கு அப்படியே கிடக்க, எர்மெலிந்தா ஒற்றை ஆளாக, ஊரில் கூட்டம் போடுகிறவர்கள் அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கிண்ணங்களை நிரப்பினாள்.