பதினேழாம் நம்பர் ஜாயின்ட்

இளவரசிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஆறு வருடமாக அவளும் நானும் ஒரே பேருந்தில் திண்டிவனம் போய் வருகிறோம். எனக்கு விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை. அவள் வழியில் கூட்டேரிப்பட்டில் ஏறுவாள். நான் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். உட்கார்ந்த மறுநிமிடமே டிபன் டப்பா மூடியைத் திருகிப் பார்ப்பாள், கழுத்து அட்டையைத் தொட்டுப் பார்ப்பாள், டிரைவர் ஏன் பிரேக் போட்டார் என்று எழுந்து எட்டிப் பார்ப்பாள். "வண்டிய நீயா ஓட்டற? உக்காருடி" என்றால், "உக்காந்துக்கினுதான்க்கா இருக்கேன்" என்பாள், நின்றுகொண்டே.

வயது நாற்பத்தொன்று. கூட்டேரிப்பட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே ஊர். ஒன்றரை ஏக்கர் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார்கள். நிலத்தைக் கணவன் தேவா பார்த்துக்கொள்கிறான். காலையில் பைக்கில் கொண்டுவந்து விடுவதும், மாலையில் அதே புளியமரத்தடியில் நின்று அழைத்துப்போவதும் அவன்தான்.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கம்பெனி ஷெட்டில் ஒன்பது வருடமாக அவளுக்குக் காண்ட்ராக்ட் வேலை. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அட்டை மஞ்சள் கயிற்றில் தொங்கும், பர்மனென்ட் ஆனவர்களுக்கு நீலக் கயிறு. மஞ்சள் கயிற்றுக்காரியை எந்தத் திங்கட்கிழமையும் "நாளையிலேர்ந்து வராத" என்று சொல்லிவிடலாம். வருடத்துக்கு ஒரு முறை நாலு பேரை நீலத்துக்கு மாற்றுவார்கள். இந்த வருடப் பட்டியலில் அவள் பெயர் இருப்பதாகப் பேச்சு அடிபட்டது. இவள் கால் தரையில் படவில்லை.

அங்கே என்ன செய்கிறார்கள் என்று முதலில் எனக்குத் தெரியாது. கேட்டால், "கப்பலுக்குப் பொம்ம செய்யறோம்க்கா" என்பாள். குழந்தைகள் விளையாடும் பொம்மை என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, பேருந்து டிக்கெட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாள். போர்க்கப்பலைக் கவிழ்க்கக் கடலுக்கு அடியிலேயே ஒரு குண்டு வரும், அதற்கு டார்பிடோ என்று பெயர். கண் கிடையாது, கப்பலின் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தேடி வரும். அதை ஏய்ப்பதற்காகக் கப்பல் தனக்குப் பின்னால் வெகுதூரத்தில் ஒரு உருளையை நீளமான கேபிளில் கட்டி இழுத்துக்கொண்டு போகும். உருளை கப்பலைப் போலவே சத்தம் போடும். குண்டு ஏமாந்து உருளையின் பின்னால் போய்விடும், கப்பல் தப்பித்துக்கொள்ளும். அந்த உருளைதான் பொம்மை.

பொம்மையும் கேபிளும் சேரும் இடத்தில் இரும்பு மூடி ஒன்று இருக்கும். அதைச் சுற்றி ரப்பர் வார்த்துத் தண்ணீர் புகாமல் அடைப்பது இளவரசியின் வேலை. அதற்கு ஜாயின்ட் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. அந்த இடத்தில் உப்புத்தண்ணீர் இறங்கினால் பொம்மை ஊமையாகிவிடும். பொம்மை ஊமையானால் குண்டு நேராகக் கப்பலுக்குப் போகும். எந்தக் கப்பலுக்கு எது போகிறது என்று இவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். இவர்களும் கேட்கக் கூடாது.

போன மார்கழியில்தான் வினை வந்தது. மார்கழிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை உடைக்க வேண்டும். மிஷினில் கொடுத்தால் பருப்பு பிளந்துபோகும், பிளந்தது முளைக்காது. அதனால் அந்தப் பக்கத்து ஊர்களில் விதைக்கு மட்டும் கையால்தான் உடைப்பார்கள். விடியலில் எழுந்து ஒரு முறம், வேலையிலிருந்து திரும்பி ஒரு முறம். நாலே நாளில் இரண்டு கட்டைவிரலும் புண்ணாகிவிடும். எரிச்சலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார்கள். இளவரசியும் தடவிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.

வேலையில் ஒரு விதி உண்டு. இரும்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ரப்பர் ஒட்டுவதற்கான பூச்சைப் பூசிய பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது. நாற்பது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். கையுறை கட்டாயம். அன்றைக்குப் புண்விரலைக் கையுறை இறுக்கியதால் வலதுகைக் கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். பூச்சு காய்ந்ததா என்று ஒரு நிமிடச் சந்தேகம். மல்லாட்டைப் பருப்பு காய்ந்த பதமா என்று பார்க்க அவள் ஊரில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, கட்டைவிரலால் ஒரு தேய். தோல் கழன்று வந்தால் பதம். ஒரு வாரமாக அதையே செய்துகொண்டிருந்த கை, இரும்பையும் ஒரு தேய் தேய்த்துவிட்டது.

அவளுக்கே அது தெரியவில்லை. மாலையில் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சொறிந்தபோதுதான் விரலில் எண்ணெய் வாசனை வந்தது. இரும்பைத் தேய்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் பதினேழாம் நம்பர் ஜாயின்டுக்கு ரப்பர் வார்த்து ஓவனுக்குள் வைத்தாகிவிட்டது.

மறுநாள் அதை உப்புத்தண்ணீர்த் தொட்டியில் போட்டுச் சோதித்தார்கள். பாஸ். பச்சைச் சீட்டு ஒட்டிவிட்டார்கள். பாஸ் ஆனதும் இவள் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டியதுதானே? அங்கேதான் இவள் புத்தி. புதிதாக இருக்கும்போது ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், கடலில் மாதக்கணக்கில் இழுபட்டால்தான் வாயைப் பிளக்கும் என்று ஒன்பது வருடத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவளாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள். நான் திட்டினேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. "அதுவே குண்டு வாங்கிக்கினு சாவப்போற சாமான். அதுக்கு இன்னாடி சேவகம்? பாஸ் பண்ணவங்க கண்ணு குருடா? நீலக் கயிறு வர்ற நேரத்துல வாயத் தொறந்து பேஜாரு பண்ணிக்காத. சும்மா கெடக்கற சங்க ஊதிக் கெடுத்த ஆண்டி ஆயிடாத, சொல்லிட்டேன்."

"சரிக்கா" என்றாள். சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

அதற்குப் பிறகு அவளோடு பயணம் போவதே பெரும்பாடாகிவிட்டது. காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். ஏறும்போது கையை மோந்து பார்ப்பாள், இறங்கும்போது மோந்து பார்ப்பாள். விதை உடைப்பதை விட்டுவிட்டாள். பாதி உடைத்த விதையைத் தேவாவே உடைத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. ராத்திரியில் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், கேட்டால் பதில் இல்லை என்று அவன் ஒருநாள் காலையில் என்னிடம் சன்னல் வழியாகப் புலம்பினான். "நீங்களாவது கேளுங்கக்கா. எனக்கு பயமா கீது" என்றான். எனக்குக் காரணம் தெரியும், சொல்லவில்லை. எனக்கும் ஆத்திரம்தான். ஒரு விரல் பட்டதற்கு இத்தனை ஆட்டமா?

ஷெட்டுக்கு இன்சார்ஜ் சின்னப்பராஜ் என்று ஒருவர். வல்லம் பக்கத்து ஆள், கழுத்தில் மாதா டாலர் போட்டிருப்பார், அதட்டினாலும் மனசில் வைத்துக்கொள்ளாதவர் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவரிடம் ஒருநாள், ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல், "ஒரு கப்பல்ல எத்தினி பேரு சார் இருப்பாங்க?" என்று கேட்டிருக்கிறாள். "அது ஆச்சு முந்நூறு பேரு" என்றிருக்கிறார். அன்று மாலை என்னிடம் சொன்னாள்: "எங்க ஊரு ஓட்டே முந்நூத்திப் பத்துதான்க்கா."

நான் பேச்சை மாற்றினேன். அவள் பத்தொன்பது நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. ஆனாலும் பேருந்தில் ஒரு நிமிடம் கண்ணை மூட மாட்டாள்.

பொம்மைகளைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்து லாரியில் ஏற்றும் நாளும், பர்மனென்ட் பட்டியல் ஒட்டும் நாளும் ஒரே வெள்ளிக்கிழமையாக வந்து தொலைந்தது. காலையில் அவள் ஏறும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. "பேசாம வா. இன்னிக்கி ஒரு நாள்தான், சாயங்காலம் நீலக் கயிறோட வா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். கழுத்தில் அதே மஞ்சள் கயிறு. டப்பாவைத் திறக்கவில்லை, எட்டிப் பார்க்கவில்லை, ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தாள்.

நடந்ததை அங்கேயே நின்று சொன்னாள். பதினோரு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாவது பெயர் இவளுடையது. எல்லோரும் கை கொடுத்தார்கள். பக்கத்திலேயே பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆணியையும் இவள் எண்ணிக்கொண்டே நின்றாளாம். நாலாவது ஆணிக்கு முன்னால் நேராகச் சின்னப்பராஜிடம் போய், "சார், பதினேழாம் நம்பர நான் எண்ணெக் கையால தொட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

"மாதாவே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் அவர். பிறகு மெதுவாகக் கேட்டிருக்கிறார்: "பாஸான சாமான்மா அது. இப்ப அறுத்துப் பார்த்தா நல்லா இருந்தாலும் போச்சு, கெட்டிருந்தாலும் போச்சு. உன் பேர நான் காப்பாத்த முடியாது. தெரிஞ்சிதான் சொல்றியா?"

"தெரிஞ்சிதான் சார்."

அடித்த ஆணியைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்தார்கள். ஷெட்டே சுற்றி நின்றது. சின்னப்பராஜ் கத்தியால் ரப்பரை நீளவாக்கில் கீறிவிட்டு, "இழு" என்று இவளிடமே கொடுத்தார். இழுத்தாள். நன்றாக ஒட்டிய ரப்பர் லேசில் வராது, பிய்ந்து பிய்ந்துதான் வரும். அப்படித்தான் முதலில் வந்தது. "எனக்கு உசுரே போயிடுச்சிக்கா. நல்லாத்தான் ஒட்டிக்கினு கீது, வீணா வாயத் தொறந்து கெடுத்துக்கினோம்னு நெனச்சேன்." பாதிக்கு மேல் இழுத்தபோது ஓர் இடத்தில் சிரமமே இல்லாமல் கழன்று வந்ததாம், காய்ந்த பருப்பின் தோல் மாதிரி. அடியில் இரும்பு பளபளவென்று தெரிந்தது. சரியாக ஒரு கட்டைவிரல் அகலம்.

"எனக்கு சந்தோஷம் வந்துடுச்சிக்கா" என்றாள் இளவரசி. "கெட்டுப் போய்க்கீதேன்னு ஒருத்திக்கு சந்தோஷம் வருமா? இது இன்னா புத்தி?" சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

பட்டியலில் மூன்றாவது பெயரைப் பேனாவால் அடித்துவிட்டார்கள். வேலையை விட்டு நிறுத்தவில்லை, சின்னப்பராஜ் மேலே பேசித் தடுத்திருக்கிறார். அடுத்த வருடப் பட்டியலில் பெயர் வருமா என்று அவருக்கே தெரியாது. வாசலில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது: கையில் எண்ணெயோடு யாரும் உள்ளே வரக் கூடாது. மற்ற பெண்களெல்லாம் அதைப் படித்துவிட்டு இவளை முறைத்துக்கொண்டே போனார்களாம்.

இத்தனை நாளாக அவளை வாயை மூடச் சொன்னவள் நான். "நல்ல காரியம் பண்ண" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வெட்கமாக இருந்தது. வண்டி வந்ததும் முண்டியடித்து ஏறிச் சன்னலோர இடத்தைப் பிடித்து அவளை உட்கார வைத்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

வண்டி மேம்பாலம் தாண்டுவதற்குள் அவள் தலை என் தோளில் விழுந்தது. முதலில் மயக்கமோ என்று பயந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். சீராக மூச்சு வந்தது. ஆறு வருடத்தில் அவள் பேருந்தில் தூங்கி நான் பார்த்ததில்லை. பிரேக் போட்டார்கள், ஹாரன் அடித்தார்கள், யாரோ என் காலை மிதித்தார்கள். அவள் அசையவில்லை.

"கூட்டேரிப்பட்டு எறங்கு, கூட்டேரிப்பட்டு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். சன்னல் வழியாகப் புளியமரத்தடியில் தேவாவின் பைக் விளக்கு தெரிந்தது. நான் அவளை எழுப்பவில்லை. விசில் கொடுத்து வண்டி கிளம்பிவிட்டது.

இரண்டு நிமிடத்தில் அவள் பையில் போன் அடித்தது. எடுத்தேன்.

"எங்கடி கீற? வண்டி வந்துட்டுப் போவுது, நீ எறங்கல?"

"தேவா, நான் காந்திமதி பேசறேன். அவ தூங்கறா."

"தூங்கறாளா?" அவன் குரல் நம்பவில்லை. பிறகு தயங்கிக் கேட்டான்: "லிஸ்டுல பேரு வந்துச்சாக்கா?"

"இல்லப்பா."

பைக் உதைக்கும் சத்தம் கேட்டது.

"எழுப்பாதீங்கக்கா" என்றான். "நான் விழுப்புரத்துக்கே வண்டிய எடுத்துக்கினு வர்றேன்."