முத்து போட்டிருந்த நாட்கள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்த வேண்டிய ஆங்கிலக் கவிதையைப் படித்துக்கொண்டிருந்தேன். இலை உதிரப்போகும் காட்டைக் காய்ச்சலில் கன்னம் சிவந்த பெண்ணாகக் கவிஞர் பாடியிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் சின்னம்மை கண்ட என் மகள் நிஜக் காய்ச்சலில் கிடந்தாள். நோயில் என்ன அழகு?

அவள் தலைமாட்டிலிருந்த வேப்பிலையின் கசந்த வாசம் என்னை இடுக்கிக்கு, எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டுக்கு இழுத்துப் போனது. சின்ன வயதில் எனக்கும் அங்கே அம்மை கண்டது. அந்தக் குளிரில் வேம்பு வளராது. அடிவாரத்துக் கம்பம் ஊரிலிருந்து வரும் ஜீப்காரரிடம் சொல்லிவிட்டு அப்பா கொத்துக் கொத்தாக வரவழைத்தார். தேயிலைக்கு மருந்தடிப்பது அவர் வேலை. நெடியடிக்கும் சட்டையை வாசலிலேயே கழற்றிப்போட்டு, குளித்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்.

"தாயிக்கு இன்னிக்கு முத்து கூடியிருக்கே" என்பார்.

"தேயிலையில வந்தா கொப்புள நோய்ங்கிறீங்க. எனக்கு வந்தா மட்டும் முத்தாப்பா?"

அப்பா சிரித்தார். "தேயிலை பயப்படாதுல்ல, தாயி."

அந்தக் கவிஞரும் யாருடைய பயத்தையோ தணிக்கத்தான் அப்படி எழுதினாரோ என்னவோ.

மகள் விழித்துத் தன் கையைப் பார்த்தாள். "அம்மா, இது என்னது?"

டாக்டர் மருந்து கொடுத்திருந்தார்; பெயரை மாற்றிச் சொல்வதில் கெடுதல் இல்லை. இருந்தும், பொய் சொல்கிறேனோ என்று தயங்கினேன்.

"முத்து" என்றேன்.

"சொறிஞ்சா உதிர்ந்திடுமா?"

"உதிர்ந்திடும். பத்திரமா வச்சுக்கணும்."

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.