காட்டுப் பறவைதானே?

என் சகலனைக் கண்டால் எனக்கு வயிறு பற்றி எரியும். இதைப் பூசி மெழுகி எழுத எனக்குத் தெரியாது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு எனக்குப் பிறகு வந்தவன். வந்திறங்கிய அன்று என் வீட்டில்தான் பாய் விரித்துப் படுத்தான். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் அவன் நின்றபோது கூட நின்றது நான். லிபெர்த்தா தெருவில் நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோராவிடம் சொல்லி, அவருடைய மகனிடம் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். இன்றைக்கு நம் சனத்திடம் கேட்டுப் பாருங்கள். அவனை வேட்டைக்காரர் என்பார்கள். என்னைக் கோழிக்காரன் என்பார்கள்.

சிஞ்ஞோரா கண்ணை மூடிய பிறகு நானும் அதே மகனிடம் போய்ச் சேர்ந்தேன். நகரத்துக்கு வெளியே மலைப்பக்கம் அவருக்கு ஒரு பெரிய காணி. வடக்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வசதியான ஆட்கள் அங்கே வேட்டைக்கு வருவார்கள். சுடுவது ஃபஜானோ. சேவல் அளவில், நீள வாலோடு, கழுத்து மினுங்கும் பறவை. மலையில் பிறந்து மலையில் வளர்ந்தது என்றுதான் முதலாளி வருகிறவர்களுக்குச் சொல்வார். நாங்களும் அப்படித்தான் சொல்லவேண்டும்.

என்ன மலை, என்ன பிறப்பு! குஞ்சுகள் பெட்டியில் லொறியில் வரும். குன்றுக்குப் பின்னால் வலை அடித்த கூட்டுக்குள் விட்டு வளர்ப்பது நான். ஒன்றையொன்று கொத்தாமலிருக்க மூக்கில் பிளாஸ்டிக் வளையம் மாட்டுவதும், பிறகு கழற்றுவதும் நான். தீன் வாளியைத் தூக்கிக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் கோழிக்குக் குரல் கொடுக்கிற மாதிரி, "பா... பா... பா..." என்று கூப்பிட்டால் எல்லாம் விழுந்தடித்து ஓடி வரும். ஆட்கள் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் கூட்டைத் திறந்து பற்றைகளுக்குள் கலைத்து விடுவேன். அதோடு என் வேலை முடிந்தது.

மறுநாள் காலையில் சகலன் நாயோடு வருவான். முழங்கால் வரை சப்பாத்து, பச்சைச் சட்டை, ஒரு தொப்பி. பெரிய எடுப்பு! சிசிலிக்காரனைப் போல இத்தாலியன் பொழிவான். மண்ணில் குந்தி, கால் அடையாளம் பார்க்கிறவன் மாதிரி பார்ப்பான். அது என் சப்பாத்து அடையாளமாகத்தான் இருக்கும். வந்தவர்கள் அவன் தோளில் தட்டுவார்கள், கட்டிப் பிடிப்பார்கள், படம் எடுப்பார்கள். ஒருநாள் மனைவி ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்கோ, என்ன வடிவா நிக்கிறார்." எனக்குக் குடித்த தேத்தண்ணி கசந்தது.

இதற்குள் கலியாணப் பேச்சு ஒன்று வந்தது. சுவிஸில் நல்லாக இருக்கிற குடும்பம், ஒரே மகன். முதலில் அவர்கள் தரகர் மூலம் கேட்டது என் மகளின் சாதகத்தை. பொருந்தவில்லை. பிறகு சகலனின் மகளுடையதைக் கேட்டார்கள். அது அச்சாவாகப் பொருந்திவிட்டது! என் மகளுக்குக் கவலையே இல்லை. "மெனொ மாலே, நல்லகாலம் அப்பா. தப்பினன்," என்று சிரித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான்தான் இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்காமல் திரிந்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் பெண் வீட்டைப் பார்க்கத் தனியாக வந்தார். அவருக்கு வேட்டைப் பைத்தியம். சுவிஸில் லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறவர். சம்பந்தம் வேறு, வேட்டை வேறு என்று சொல்லி, மற்ற ஆட்களைப் போலவே எங்கள் முதலாளியோடு கதைத்து ஒரு நாளுக்கு ஒழுங்குபண்ணியிருந்தார். பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில் ஹோட்டல். சகலன் நாயோடு முன்னுக்குப் போய்விட்டான். அவரை ஏற்றிவர முதலாளி என்னை அனுப்பினார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

காரில் ஏறினதிலிருந்து அந்த மனிதர் வாய் ஓயவில்லை. வன்னியில் தகப்பனோடு கௌதாரிக்குப் போன கதை, பனியில் மான் தேடித் திரிந்த கதை. பிறகு குரலைத் தணித்தார்.

"தம்பி, அடைச்சு வளர்த்ததைத் திறந்து விட்டுச் சுடுறது எனக்குக் கண்ணிலையும் காட்டக்கூடாது. முந்தி ஒரு இடத்திலை என்னை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள். பறவை சாகிறதைவிட, மனிசன் முகத்தைப் பாத்துப் பொய் சொல்லுறதுதான் எனக்குப் பொறுக்காது. இது காட்டுப் பறவைதானே?"

கடவுளே! உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் காருக்குள் சொல்லி என்ன பிரயோசனம்? சகலன் அங்கே நிற்க வேண்டும். அந்தச் சட்டையோடும் தொப்பியோடும் நின்று, "ஓம் அண்ணை, காட்டுப் பறவைதான்," என்று சொல்ல வேண்டும். முதல் பறவை விழுந்ததும் நான் அதைத் தூக்கி, மூக்கில் வளையம் மாட்டிய ஓட்டையைக் காட்டுவேன். சம்பந்தியின் முகத்துக்கு முன்னால் அவன் நாறுவான். அந்தக் கலியாணம் அந்த இடத்திலேயே குழம்பும். அதை நினைக்கவே எனக்கு உச்சி குளிர்ந்தது.

"எனக்கு உந்த விசயமொண்டும் தெரியாது அண்ணை," என்றேன். "நான் கார் ஓட்டுறவன்."

போய்ச் சேர்ந்தோம். முதலாளி கீழே வீட்டில் வேறு ஆட்களோடு இருந்தார். மேலே நாங்கள் மூன்று பேரும் நாயும்தான். சுவிஸ்காரர் துவக்குக்குத் தோட்டா போட்டுக்கொண்டே, காரில் என்னைக் கேட்டதையே சகலனிடமும் கேட்டார்.

"காட்டுப் பறவைதானே, தம்பி?"

நான் அவன் வாயையே பார்த்தேன். சொல்லடா, சொல்லு.

சகலன் தொப்பியைக் கழற்றினான். "இல்லை அண்ணை. வளர்த்தது. நேற்றுப் பின்னேரம்தான் திறந்து விட்டது. வாறவை எல்லாருக்கும் காட்டுப் பறவையெண்டுதான் சொல்லுறனான், முதலாளியின்ரை கட்டளை. உங்களுக்கு அப்பிடிச் சொல்ல ஏலாது. என்ரை பிள்ளையை உங்கடை வீட்டுக்குத் தரப்போறன். பொய்யிலை தொடங்க ஏலாது."

அட கோதாரி! நான் மடியில் கட்டிக்கொண்டு வந்ததை இவன் என் கண்ணுக்கு முன்னால் பறித்துவிட்டானே! அவன் பொய் சொல்லிப் பிடிபடுவதைப் பற்றித்தான் யோசித்தேன். உண்மையைச் சொல்லுவான் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"பகிடி விடுறீரோ?" என்றார் சுவிஸ்காரர்.

"நம்பாட்டில் நீங்களே பாருங்கோ." சகலன் நாயின் கழுத்துப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "அண்ணை, ஒருக்காக் கூப்பிட்டு விடுங்கோ."

வேறு வழி இல்லை. "பா... பா... பா..."

பற்றைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், வாலை இழுத்துக்கொண்டு எல்லாம் ஓடி வந்தன. நாய் குரைத்ததையும் சட்டை செய்யவில்லை. என் காலைச் சுற்றி நின்று சப்பாத்துக் கயிற்றைக் கொத்தின. சுவிஸ்காரர் துவக்கை மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்கடை ஊர்க் கோழியளடாப்பா!" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார்.

"அப்ப நீர்தான் உதுகளை வளர்க்கிறவர். காரிலை கேக்க, ஒண்டும் தெரியாதெண்டனீர்."

அதற்குள் சகலன் குறுக்கே வந்தான். "அவரைக் குறை நினையாதையுங்கோ அண்ணை. முதலாளிக்குப் பயம். அவர் பாவம்."

பாவம்! அவன் எனக்குப் பாவம் பார்த்தான். அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திராது.

சுவிஸ்காரர் ஒரு வெடியும் வைக்காமல் இறங்கிப் போய் முதலாளியிடம் நேருக்கு நேர் கேட்டார். அன்றைக்கே சகலனின் வேலை போனது. கலியாணம் நிச்சயமானது. ஒன்றுக்கு ஒன்று சரி என்று நான் ஆறுதல்பட்டிருப்பேன், சனம் விட்டால்தானே! மகளுக்காக வேலையை விட்ட மனிசன் என்று கோயிலில், கடையில், எங்கு போனாலும் அவன் புராணம். அதிகம் பாடியது என் வீட்டுக்காரி.

இரண்டு கிழமை கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். இனி ஆட்களை நீ கூட்டிக்கொண்டு போ என்றார். எத்தனை வருட ஆசை! முழங்கால் வரை சப்பாத்து வாங்கினேன். மனைவி படம் எடுத்தாள். வடிவாக இருக்கிறது என்று சொல்லவும் செய்தாள், கேட்ட பிறகு.

முதல் ஆட்கள் மிலானோவிலிருந்து வந்த இரண்டு பேர். காட்டுப் பறவைகள்தானே என்று ஒருவர் இத்தாலியனில் கேட்டார். முதலாளி எனக்குப் பின்னால் நின்றார். ஓம் என்றேன். மேலே போனபோதுதான் அடுத்த கோதாரி விளங்கியது. நான் கொஞ்சம் பலமாகக் கதைத்தாலும் பற்றை அசைகிறது. என் குரல் கேட்டால் அதுகளுக்குத் தீன் ஞாபகம். நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு கையால் காட்டிக் காட்டி நடந்தேன். அசல் வேட்டைக்காரன், வாயே திறக்கமாட்டான் என்று மிலானோக்காரர் என் தோளில் தட்டினார். நான் ஆசைப்பட்ட தட்டு அதுதான். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

பின்னேரம் அந்தச் சப்பாத்தோடேயே வுச்சீரியா சந்தைப் பக்கம் போனேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் சகலன் கோப்பை கழுவுகிறான் என்று தெரியும். வேண்டுமென்றேதான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. நனைந்த கையோடு வாசலுக்கு வந்தவன் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தான்.

"அண்ணை! முதலாளி உங்களையோ என்ரை இடத்துக்குப் போட்டவர்? உங்களுக்குத்தான் உது முதலே கிடைச்சிருக்கவேணும்."

அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். கண்ணில், கடைவாயில், எங்காவது ஒரு சின்னச் சுளிப்பு, ஒரு எரிச்சல். அவன் கையைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவனுக்கு என்மேல் பொறாமையே இல்லை.