மோட்டார் ரூமுக்குள் அப்பா

அம்மாவுக்கு மனச்சோர்வு என்பது எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சோறு வடிக்கும்போதே அழுவாள். முட்டி வலி, நெஞ்சு படபடப்பு என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள். அவிநாசியிலிருந்து அழைத்து வந்து, கோயமுத்தூரில் என் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மனநல மருத்துவரிடம் காட்டினேன். மாத்திரையில் அழுகை மெல்லக் குறைந்தது.

அப்பா அழவில்லை. விசைத்தறிகளை விற்ற பிறகு அவருக்குக் கோபம்தான் கூடியிருந்தது. காபி ஆறிவிட்டதென்று டம்ளரை வீசுவார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். வயசானால் ஆம்பளைங்க அப்படித்தான் என்றார்கள் சொந்தக்காரர்கள். நாங்களும் அப்படியே நினைத்தோம். ஒருமுறை அப்பாவும் அம்மாவோடு வந்திருந்தபோது மருத்துவர், "நீங்க நல்லாத் தூங்கறீங்களா?" என்று அவரையும் கேட்டார்.

"எனக்கென்னங்க கேடு? பைத்தியம் அவளுக்குத்தான்" என்று வெளியே போய்விட்டார். அம்மா தலை குனிந்துகொண்டாள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் காலை அம்மா போன் செய்தாள்.

"கண்ணு, அப்பா தோட்டத்து மோட்டார் ரூமுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிட்டாரு. கூப்புட்டாத் தொறக்க மாட்டீங்கறாரு."

"பேச்சுக் குடுத்துட்டே இருங்கம்மா. இதோ வாரேன்."

பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கடப்பாரையோடு ஓடச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். அவிநாசி ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "ஏனுங்க, ஒரு வார்த்தை பேசுங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்துத் தோட்டத்துக்காரர் கடப்பாரையைக் கதவிடுக்கில் கொடுத்திருந்தார். அம்மா கையை நீட்டித் தடுத்தாள். கதவில் வாயை வைத்துப் பேசினாள்.

"எனக்கும் செத்துப் போயிரலாம்னுதானுங்க இருந்துச்சு. உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு டாக்டர்கிட்டச் சொன்னேன்."

உள்ளே ஏதோ உருண்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. அப்பா வேர்வையில் சட்டை நனைந்து நின்றார். அம்மாவை மட்டும் பார்த்தார்.

"நீ அழுதுபோட்டே புள்ளே. எனக்கு அதும் வர மாட்டீங்குது."

அம்மா அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். அன்றைக்கே அதே மருத்துவரிடம் போனோம். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாதான் அப்பாவோடு உள்ளே போனாள்.

அப்பா இன்னமும் கத்துகிறார். ஆனால் அம்மா இப்போதெல்லாம் பயந்து ஒதுங்குவதில்லை. "என்னாச்சுங்க, சொல்லுங்க" என்று எதிரில் உட்கார்ந்துவிடுகிறாள். சில நாட்கள் சொல்கிறார்.