பகலில் தூங்கும் தெரு

எண்பதுகளின் பிற்பகுதி. அப்போது எனக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைப்பது தள்ளிக்கொண்டே போனதால், டவுன்ஷிப்புக்கு வெளியே, ஊராட்சிக்கு உட்பட்ட ஒரு தெருவில் கடன் வாங்கிச் சிறிய வீடு கட்டியிருந்தேன். தெருவில் பதினான்கு வீடுகள். பன்னிரண்டில் சுரங்கத்துக்காரர்கள்தான்.

என் சுவரை ஒட்டிய காலி மனையில் மாவு மில் கட்ட ஊராட்சி அனுமதி கொடுத்துவிட்டது. எனக்குக் கலக்கமாகிவிட்டது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவன் பகலில்தானே தூங்க வேண்டும்? மில் சத்தத்தில் தூக்கம் ஏது? தூங்காமல் போய், ஓடுகிற கன்வேயர் பெல்ட் பக்கத்தில் எப்படி நிற்பது? வீட்டை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஊராட்சித் தலைவரைப் போய்ப் பார்த்தேன்.

"ராத்திரியிலயா சார் ஓட்டப்போறாங்க? பகல்ல எவன் தூங்குவான்?" என்றார்.

"நாங்கதாங்க" என்றேன்.

பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "கேட்டுக்கினியா? சாருக்குச் சம்பளமும் வேணும், பகல்ல தூக்கமும் வேணுமாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றியது. அங்கே ஊராட்சிகளைக் கவனிக்கும் மேலதிகாரியிடம் ஒன்பது பக்கத்துக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். பதில் வரும்வரை நானும் தூங்கவில்லை, மனைவியையும் தூங்கவிடவில்லை. கடைசியில், நேரில் வந்து பார்ப்பதாக அதிகாரி தகவல் அனுப்பினார்.

அவர் வந்தது ஒரு முற்பகலில். தலைவரும் ஜீப்பில் கூடவே வந்தார். தெருவில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாகூடக் கூவ மாட்டார்; கதவை விரலால் தட்டிவிட்டு நிற்பார். அன்று பார்த்து அந்த அமைதியே எனக்கு எதிரியாகிவிட்டது.

"பாருங்கய்யா, ஈ காக்கா இல்ல. அல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. மில்லு ஓடுனா யாருக்குங்க தொந்தரவு?" என்றார் தலைவர்.

"எல்லாரும் உள்ளே தூங்கறாங்க சார்" என்றேன். அதிகாரி நம்பியதாகத் தெரியவில்லை. மனையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். தோற்றேன் என்றே முடிவு செய்துவிட்டேன்.

வழியை மறித்து ஒரு ஆடு படுத்திருந்தது. டிரைவர் ஆரன் அடித்தார். ஆடு அசையவில்லை. அவர் விடாமல் அழுத்தினார்.

"எவன்டா அவன்? இப்பதான்டா கண்ணு அசந்துது!"

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. லுங்கியை இறுக்கிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் ஏழு பேர் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் தலையணையே இருந்தது.

அதிகாரி இறங்கினார். எதிர்வீட்டுக்காரரிடம், "என்ன வேலை?" என்று கேட்டார்.

ஜீப்பைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "மைன்ஸ்ல மண்ணு வெட்ற பெரிய மெஷினுங்க. நைட் ஷிப்ட்."

"தூங்காம அதுல ஏறினா?"

"ஏறிடலாங்க. எறங்குவனான்னுதான் சொல்ல முடியாது."

அதிகாரி திரும்பித் தலைவரைப் பார்த்தார். தலைவர் அவசரமாக ஆட்டை விரட்டப் போய்விட்டார்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது: அனுமதி ரத்து. மில் கடைத்தெருவுக்குப் போயிற்று. அங்கே அதற்கு வியாபாரமும் நன்றாகவே நடந்தது. உத்தரவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினேன். அன்று யாரை எழுப்பினாலும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கேசரி கிளறிக்கொண்டிருந்த மனைவி மட்டும், "நீங்க எழுதின ஒம்பது பக்கத்தைவிட அந்த ஆடு நல்லா வாதாடிச்சுங்க" என்றாள். நான் மறுக்கவில்லை. ஆனால் அதிகாரியை அந்தத் தெருவரை வரவழைத்தது என் ஒன்பது பக்கம்தான் என்பதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் நடுப்பகலில் சாத்தியிருக்கும் ஒரு கதவைப் பார்த்து, உள்ளே யாரும் இல்லை என்று நினைக்க எனக்கு இன்றுவரை மனம் வருவதில்லை.