இருநூற்று இருபது

காலை பதினொன்றே காலுக்கு என் மனைவியின் ஆக்சிஜன் மெஷின் நின்றது. நீளமாக ஒரு கூவல், அவ்வளவுதான். அவளுக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருடம் நான்கு மாதம். அந்தக் காற்று இல்லாமல் எழுந்து உட்காரவும் முடியாது. கைவசம் இருந்த சிறிய சிலிண்டரை மாட்டினேன். முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு மணி நாற்பது நிமிடம் வரும். மூன்று முறை கணக்குப் போட்டும் ஒரு நிமிடம்கூட ஏறவில்லை.

நாங்கள் இருப்பது மலைமேல், கரியாலூரில். முந்தின நாள் மழையில் பாதையில் மண் சரிந்துவிட்டது. மெஷினை வாடகைக்குக் கொடுத்த கள்ளக்குறிச்சிக் கடைக்காரர், வழி திறந்ததும் வேறொன்றை ஜீப்பில் அனுப்புவதாகச் சொன்னார். ஆம்புலன்சும் சரிவுக்குக் கீழேதான் நின்றது.

முப்பத்தொரு வருடம் ரேடியோவும் டி.வி.யும் பழுது பார்த்தவன் நான். ஒன்பது திருகுகளைக் கழற்றி மெஷினைத் திறந்தேன். சுவிட்சைப் போட்டுப் பார்த்தால், உள்ளே சூடு தணிக்கும் விசிறி சுற்றவில்லை. அதற்குக் கரண்ட் போகும் வழியில், கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்று வெடித்திருந்தது. கம்பிக்கால் இல்லாத, பலகையோடு ஒட்டிய கறுப்புச் சில்லு. அரிசிக் குருணை அளவுதான். என் காலத்து ரெசிஸ்டரில் கலர் கோடுகள் இருக்கும். இதில் பூதக்கண்ணாடிக்குத்தான் தெரிகிற மூன்று எண்கள்: 220.

இருநூற்று இருபது ஓம் தடை. பழைய டப்பாவில் அந்த அளவுக்கான சிவப்பு, சிவப்பு, பழுப்புக் கோடு போட்டவை ஏழு கிடந்தன. ஒன்றை எடுத்துக் கால்களை மடக்கி ஈயத்தால் பற்றவைத்தேன். அதற்கே இருபத்தைந்து நிமிடம் போனது. சுவிட்சைப் போட்டேன். மெஷின் ஓடியது, விசிறி மட்டும் ஒருமுறை துடித்து நின்றுவிட்டது. நான்கு நிமிடத்தில் சூடேறி மறுபடியும் கூவி நின்றது.

சிலிண்டரில் நாற்பத்தொரு நிமிடம் மிச்சம். அதன் காற்று போதாமல் அவள் உதடு நீலமாக ஆரம்பித்திருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் என்று கண்ணாலேயே கேட்டாள். போனை எடுத்தேன்.

கள்ளக்குறிச்சியில் என் கடைக்கு எதிரே செல்போன் சரிசெய்துகொண்டிருந்த பெண்ணுக்கு இப்போது சின்னசேலத்தில் கடை. அவளுக்குப் போன் செய்து நடந்ததைக் கொட்டினேன்.

“அய்யா, கலர் கோடு படிக்கச்சொல்ல மூணாவது கோட்ட இன்னான்னு படிப்பீங்க?”

“எத்தினி சைபர்னு.”

“இதுவும் அதேதாங்க. ரெண்டு, ரெண்டு, அப்பறம் சைபரே கெடையாது. இருவத்திரெண்டு ஓம். கலரப் பாத்தா சரியா படிக்கிற ஆளு, நம்பரப் பாத்து ஏமாந்துட்டீங்களே.”

எண்ணாகவே எழுதியிருந்ததால் எண்ணாகவே படித்துவிட்டேன். வேண்டியதைப் போலப் பத்து மடங்கு தடையை வைத்து, கிடைத்த நேரத்தையும் தின்றிருக்கிறேன்.

டப்பாவைத் தரையில் கொட்டித் தேடினேன். இருபத்திரண்டு ஓம் ஒன்றுகூட இல்லை. இருநூற்று இருபது ஓம் ரெசிஸ்டர் பத்தைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பற்றவைத்தால் தடை குறைந்து இருபத்திரண்டு ஆகும். என்னிடம் பலகையில் ஏறியதையும் சேர்த்து ஏழுதான். ஏழு சேர்ந்தால் முப்பத்தொன்று. வேறு வழி தெரியவில்லை. ஏழையும் ஒரே கட்டாகச் சேர்த்துப் பற்றவைத்தேன். சிலிண்டர் முள் அடியில் படுத்திருந்தது.

சுவிட்சைப் போட்டு அவள் குழாயை மெஷினுக்கு மாற்றினேன். விசிறி சுற்றியது, ஆனால் மெதுவாக. பத்தாவது நிமிடம் மெஷினின் முதுகு கையைச் சுட்டது. மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து மெஷினுக்கு விசிற ஆரம்பித்தேன். அவள் விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியில் எழுபத்தொன்பது. அரை மணி கழித்து எண்பத்தாறு. தோள் மரத்துப்போனது. கை மாற்றி வீசினேன். நிறுத்தினால் நின்றுவிடும் என்ற பயத்தில் ஒவ்வொரு வீச்சையும் எண்ணினேன்.

ஆயிரத்து நானூறு சொச்சத்தில் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“இன்னாங்க இது, வெசிறிக்கே வெசிறிக்கினு இருக்கீங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பேசியதில் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.